உராய்வுப் புண்ணும் கருகிய கம்பளமும்

கண்டியில் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகளை வீட்டுக்குள் அடக்கி வைப்பது எவ்வளவு கடினமென்பதைத் தாய்மார் நன்கறிவர். சில காலத்துக்கு முன் அத்தகைய ஒரு மழைநாளில், கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் ஒரு நண்பர் இல்லத்துக்கு நாம் சென்றிருந்தோம். அவருடைய மகன் கூடத்தில் விரித்திருந்த கம்பளத்தின் மீது ஓடிவந்து, முழந்தாளைக் குற்றிச் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். மூன்றாவது சறுக்கில் "அம்மா!" என்ற அலறல் எழுந்தது. முழந்தாளின் தோல் ஒரு ரூபா நாணயமளவுக்கு உரிந்து, சிவந்து, நீர் கசிந்தது. சமையலறையிலிருந்து ஓடிவந்த தாயார், கைக்கு முதலில் அகப்பட்ட பற்பசையை எடுத்து அதன்மேல் அப்பிவிட்டார். பிள்ளையின் அலறல் இரட்டித்தது.

அந்தக் களேபரத்தில் யாரோ ஒருவரின் கால் பட்டு, மூலையில் எரிந்துகொண்டிருந்த நுளம்புச் சுருள் கம்பளத்தின்மேல் விழுந்தது. நண்பர் பாய்ந்து சென்று அதனை எடுத்தார். பிறகு ஈரத்துணியொன்றால் கருகிய இடத்தை மூச்சிரைக்கத் தேய்த்தார். கரி பரவிற்று. தம்பளவில் இருந்த கறை, தட்டளவில் ஆயிற்று.

"பதறிய காரியம் சிதறும்" என்பது நம் முன்னோர் சொல். ஒரே மாலையில், ஒரே கூடத்தில், ஒரே கம்பளத்தின்மேல் அந்தப் பழமொழி இருமுறை மெய்யாயிற்று. பிள்ளையின் தோலும் கம்பளத்தின் மயிரும் முதலிற் பட்ட சேதம் சிறிது. பதறிய கைகள் பின்னர் செய்த சேதமே பெரிது. ஆதலால், இவ்விரண்டுக்கும் அமைதியாகச் செய்யத்தக்கவை யாவை என்பதை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

உராய்வு எவ்வாறு சுடுகிறது?

குளிர்காலக் காலைப்பொழுதில் நாம் உள்ளங்கைகள் இரண்டையும் தேய்த்துக்கொள்கிறோம். சூடு பிறக்கிறது. இதனை விஞ்ஞானிகளின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் றம்ஃபோர்ட் பிரபு என அழைக்கப்பட்ட பெஞ்சமின் தொம்சன். ஜெர்மனியின் மியூனிச் நகரில், பீரங்கிக் குழாய்களைத் துளையிடும் வேலையை மேற்பார்வை செய்தபோது, துளைக்கும் கருவி உராய்வதால் ஓயாமல் வெப்பம் தோன்றுவதை அவர் கண்டார். அவ்வெப்பத்தைக் கொண்டு நீரைக் கொதிக்கவும் வைத்துக் காட்டினார். அந்த ஆராய்ச்சியை 1798 ஆம் ஆண்டில் வெளியிட்டார். வெப்பம் என்பது பொருளினுள் அடைபட்டுக் கிடக்கும் ஒரு திரவம் அன்று, இயக்கத்தின் வேறொரு வடிவமே என்ற கொள்கைக்கு அது வழி திறந்தது.

முழந்தாள் கம்பளத்தில் சறுக்கும்போது நிகழ்வதும் இதுவே. ஆனால் அங்கே இரண்டு சேதங்கள் ஒருங்கே நேர்கின்றன. சொரசொரப்பான நூல் தோலின் மேற்பரப்பைச் சிராய்க்கிறது. உராய்வில் எழுந்த வெப்பம் அதே இடத்தைச் சுடுகிறது. உராய்வுப் புண் என்பது பாதி சிராய்ப்பு, பாதி தீப்புண் என நினைவிற் கொள்க. வெறும் சிராய்ப்பைவிட அது அதிகம் எரிவதற்குக் காரணமும் இதுவே.

நம் பகுதியில் இதற்கு இடங்கள் பல. போகம்பறை, நித்தவெல மைதானங்களில் றக்பி ஆடும் இளைஞர்கள், காய்ந்த தரையில் சறுக்கி விழுந்து தொடையையும் முழங்கையையும் உரித்துக்கொள்வதுண்டு. தும்பு விரிப்பின்மேல் கிரிக்கெட் ஆடிய பழைய மாணவர்களைக் கேட்டால் முழங்கைத் தழும்பைக் காட்டுவார்கள். தோட்டப் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளிற் கயிறிழுத்தல் நடைபெறும்போது, கைவிட்டு வழுகும் கயிறு உள்ளங்கையைச் சுட்டுவிடும். மலைப்பாதை வளைவுகளில் மோட்டார் சைக்கிள் சறுக்கினால் தார்வீதி தோலை உரித்துவிடும். இக்காலத்தில் சில வீடுகளில் வைத்திருக்கும் நடைப்பயிற்சி இயந்திரத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஓடும் அதன் பட்டியைக் குழந்தை தொட்டால், சின்னஞ்சிறு விரல்களில் ஆழமான உராய்வுப் புண் உண்டாகும்.

முதலிற் செய்யவேண்டியவை

முதலாவது, உதவி செய்பவர் தம் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவவேண்டும். இதனை மறப்பவர் அநேகர்.

இரண்டாவது, புண்பட்ட இடத்தைக் குழாய்நீரின் கீழ்ப் பிடிக்கவேண்டும். நீர் குளிர்ந்திருக்கலாம், ஐஸ் ஆகாது. சூட்டினாலோ தீயினாலோ நேர்ந்த புண்ணாயின், ஓடும் நீரில் 20 நிமிடம் வைத்திருத்தல் வேண்டும். புண்பட்டு மூன்று மணி நேரத்துக்குள் செய்தாலும் இது பயன் தரும். உராய்வுப் புண்ணுக்கும் ஓடும் நீரே முதன் மருந்து. அது எரிச்சலைத் தணிக்கும். மண்ணையும் நூற்சிம்புகளையும் அடித்துச் செல்லும். கைக்குழந்தையாயின் புண்பட்ட உறுப்பை மட்டும் நனைத்து, மற்றைய உடலைப் போர்த்து வைத்துக்கொள்க. நம் மலைநாட்டுக் குளிரில் குழந்தையின் உடல் சில்லிட்டுப் போகக்கூடாது.

மூன்றாவது, மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவை புண்ணுக்கு அருகில் இருப்பின் வீக்கம் தோன்றுமுன் கழற்றிவிடுக.

நான்காவது, தார்த்துகளோ மணலோ ஒட்டியிருந்தால் நீரில் நனைத்த சுத்தமான துணியால் மெல்ல ஒற்றி அகற்றுக. உள்ளே தங்கிவிடும் கரிய துகள், புண் ஆறியபின்னர் பச்சை குத்தியதுபோல நீலக் கறையாகத் தோலுக்குள் நிலைத்துவிடும். ஆழப் பதிந்த துகளை வீட்டிற் கிண்ட முயலாமல் வைத்தியரிடம் விட்டுவிடுக.

ஐந்தாவது, ஒற்றி உலர்த்திய பின், வாசலின் மெல்லிதாகப் பூசி, ஒட்டாத வகை மருந்துத் துணியால் மூடிக் கட்டுக. நாள்தோறும் ஒருமுறை கட்டை மாற்றுக. கட்டு ஒட்டிக்கொண்டால் பிய்த்து எடுக்காமல் நீர் விட்டு ஊறவைத்து எடுக்கவேண்டும். கொப்புளம் எழுந்திருந்தால் உடைக்கலாகாது. இயற்கை இட்ட கட்டு அது.

"புண்ணை மூடினால் சீழ் பிடிக்குமே, காற்றாட விடுவதன்றோ நல்லது?" என்று பாட்டிமார் கேட்பர். பல தலைமுறைகள் அவ்வாறுதான் நம்பியிருந்தன. 1962 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் வின்ரர் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் இளம் பன்றிகளின் தோலில் சோதனை செய்து, ஈரம் காக்க மூடப்பட்ட மேலோட்டமான புண், காற்றில் உலர்ந்து பொருக்குக் கட்டிய புண்ணைவிட விரைவாகப் புதுத்தோல் பெறுகிறது என்பதைக் காட்டினார். காரணம் எளிது. புதுத்தோலின் நுண்ணறைகள் புண்ணின் ஓரத்திலிருந்து நடுநோக்கி ஊர்ந்து வருகின்றன. ஈரமான பரப்பில் அவை தங்கு தடையின்றி நகரும். காய்ந்த பொருக்கு இருந்தாலோ, அதன் அடியிற் புகுந்து வழி தேடவேண்டும்.

செய்யத் தகாதவை

பற்பசை, வெண்ணெய், தேங்காயெண்ணெய், சாம்பல், மஞ்சள், கோப்பித்தூள், மை: இவற்றுள் ஏதாவது ஒன்றை நம் வீடுகளில் யாராவது ஒருவர் பரிந்துரைப்பர். அவர்களுடைய அன்பில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எண்ணெயும் பசையும் சூட்டை உள்ளே அடைத்துவிடும். பொடிகள் கிருமியைக் கொண்டுசேர்க்கும். அதன்மேல் வைத்தியர் புண்ணின் ஆழத்தைக் காணவேண்டின், முதலில் அப்பிய பூச்சையெல்லாம் சுரண்டவேண்டியிருக்கும். அந்தச் சுரண்டலின் வேதனை முழுவதும் பிள்ளைக்குத்தான்.

வைத்தியரை நாடவேண்டிய நேரம்

தோல் சிவந்து எரிவதோடு நின்றால் பெரும்பாலும் ஒரு வாரத்தில் ஆறிவிடும். தோல் உரிந்து நீர் கசிந்தால் இரண்டு மூன்று வாரங்கள் செல்லலாம். ஆனால் புண் வெளுத்து, மெழுகுபோலவோ பதனிட்ட தோல்போலவோ இருந்து, தொட்டாலும் வலி தெரியாதிருந்தால், "வலியில்லை, நல்லதாயிற்று" என மகிழவேண்டாம். வலியை உணர்த்தும் நரம்பே வெந்துபோனதன் அடையாளம் அது. அப்புண் ஆழமானது.

நோயாளியின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த பரப்பு அவருடைய உடற்பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. அதனைவிடப் பெரிய புண்ணையும், முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகியவற்றிற் பட்ட புண்ணையும், நீரிழிவு உடையவர்களின் புண்ணையும் வைத்தியரிடம் காட்டியே தீரவேண்டும். புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவுதல், சீழ், துர்நாற்றம், காய்ச்சல் ஆகியவை கிருமி புகுந்ததன் அறிகுறிகள். மண் பட்ட புண்ணாயின் ஏற்பு ஊசி தேவையா எனவும் கேட்டறிக. கண்டியில் தேசிய வைத்தியசாலை உண்டு. பேராதனையில் போதனா வைத்தியசாலையும், சிறுவருக்கென சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலையும் உள்ளன. அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசமே. அவசரமாயின் 1990 என்னும் எண்ணை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

ஒரு சத்திரவைத்தியரின் விளக்கு

தீப்புண்ணைப் பற்றிப் பேசும்போது கண்டியோடு தொடர்புடைய ஒரு நற்செய்தியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மின்சாரம் எட்டாத வீடுகளில், ஒருகாலத்தில், பழைய போத்தலொன்றில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்டு விளக்காக எரிப்பார்கள். போத்தலோ உயரமானது, இலேசானது. கை பட்டாலும் பூனை பாய்ந்தாலும் சாய்ந்துவிடும். மூடி கழன்று எண்ணெய் கொட்டித் தீ பற்றும். அவ்வாறு வெந்தவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்து மனம் நொந்தவர் டாக்டர் விஜய கொடகும்புர. புண்ணை ஆற்றுவதோடு அவர் நின்றுவிடவில்லை. "விளக்கு ஏன் விழுகிறது?" என்று அமைதியாக ஆராய்ந்தார். மார்மைற் போத்தலைப் போன்ற குட்டையான, பாரமான கண்ணாடி உடல். உருண்டோடாதபடி இரு தட்டையான பக்கங்கள். திருகி இறுக்கும் உலோக மூடி: இவ்வளவே அவர் கண்ட மாற்றம். 1992 ஆம் ஆண்டளவில் தொடங்கிய அம்முயற்சிக்கு 1998 ஆம் ஆண்டில் றோலெக்ஸ் விருது கிடைத்தது. கண்டியை இருப்பிடமாகக் கொண்டு இயங்கிய அவருடைய நிறுவனம் அத்தகைய விளக்குகளை இலட்சக்கணக்கில் ஏழை வீடுகளுக்கு வழங்கிற்று.

மின்சாரம் பரவியபின் போத்தல் விளக்கு அரிதாயிற்று. ஆயினும் 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டு நாட்களில் மெழுகுதிரியும் விளக்கும் மீண்டும் நம் கூடங்களுக்கு வந்ததை மறக்கவியலாது. சாயாத பாத்திரத்தில், திரைச்சீலைக்கும் கம்பளத்துக்கும் அப்பால் வைத்தால் பாதி ஆபத்து நீங்கும். நண்பர் வீட்டு நுளம்புச் சுருளும் ஒரு மண்தட்டின் நடுவே, கால் படாத இடத்தில் இருந்திருப்பின், இனி நாம் எழுதப்போகும் பகுதிக்குத் தேவையே இராது.

கம்பளத்துக்கு வருவோம்

தோலுக்கு உயிருண்டு, தானே ஆறிக்கொள்ளும். கம்பளத்துக்கு அந்தப் பேறில்லை. அதற்கு நாமே தோலாகவும் வைத்தியராகவும் இருக்கவேண்டும்.

முதலில் அது எந்த நூலென அறிக. ஓரத்திலிருந்து ஒரேயொரு இழையைக் கத்தரித்து, குறட்டாற் பிடித்து, நீர்த்தொட்டியின் மேல் வைத்து எரித்துப் பார்க்கலாம். சிறுவர் இதனைத் தனியே செய்தல் ஆகாது. மயிர் கருகும் நாற்றம் வீசி, தீ தானே அணைந்து, நொறுங்கும் கரி மிஞ்சினால் அது ஆட்டுக் கம்பளி. கடதாசிபோல எரிந்து மென்சாம்பலானால் பருத்தி, தும்பு போன்ற தாவர நார். உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டிமணியானால் நைலோன் முதலிய செயற்கை நூல்.

செயற்கை நூலைப் பற்றி மாணவர் அறியத்தக்க ஒன்றுண்டு. மலிவான கம்பளங்களில் மிகுதியாகப் பயன்படும் பொலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 160 பாகை செல்சியசில் உருகிவிடும். ஆகவே நெருப்பே வேண்டாம். பாரமான அலுமாரியை அதன்மேல் வேகமாக இழுத்தாலே போதும். உராய்வின் சூட்டில் நூல்நுனிகள் உருகிப் பளபளப்பான கோடு விழும். எந்த உராய்வு பிள்ளையின் முழந்தாளைச் சுட்டதோ, அதே உராய்வு கம்பளத்தையும் சுடுகிறது. தளபாடத்தைத் தூக்கி வைப்பதே நன்று.

மேலோட்டமாகக் கருகியிருந்தால் தண்ணீர் தொடுமுன் உலர்ந்த கரியை மென்மையான தூரிகையால் தட்டி எடுத்துவிடுக. தேய்த்தல் ஆகாது; நண்பர் செய்த பிழை அதுவே. பின்னர் சிறு கத்தரிக்கோலால் கருகிய நுனிகளை மட்டும் நறுக்குக. கம்பளியாயின் மெல்லிய அரத்தாளால் இலேசாக வருடினாலும் கரி உதிரும். எஞ்சிய மங்கலான கறையை, இளஞ்சூட்டு நீரில் மென்மையான சவர்க்காரத் திரவம் சில துளி கலந்து, வெள்ளைத் துணியால் ஓரத்திலிருந்து நடுநோக்கி ஒற்றி எடுக்கவேண்டும். முதலில் மறைவான மூலையொன்றிற் சோதித்துப் பார்த்தல் நன்று. நம் ஊர் ஈரக்காற்றில் நனைந்த கம்பளம் உலர நாட்கள் செல்லும், பூஞ்சணம் பிடிக்கும். எனவே நீர் குறைவாகவே படட்டும்.

ஓர் எச்சரிக்கை. வெளுப்புத் தூள் கம்பளி நூலையே கரைத்துவிடும். அதனை வினாகிரியோடு கலந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு எழும். ஒரு கறைக்காக உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொள்ளலாமா?

ஒட்டுப்போடும் முறை

அடிவரை கருகிவிட்டால் ஒட்டுப் போடுவதே வழி. கருகிய இடத்தைவிடச் சற்றே பெரிதாகக் கடதாசியில் ஒரு சதுரம் வெட்டுக. அதனை அளவாக வைத்து, கூரிய அலகினால் கருகிய பகுதியை வெட்டி எடுக்கவேண்டும். அலுமாரிக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்திலிருந்து அதே அளவுத் துண்டொன்றை எடுத்துக்கொள்க. இங்கே ஒரு நுட்பமுண்டு. கம்பளத்தை உள்ளங்கையால் தடவினால் ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையிற் கரடாகவும் இருக்கும். துண்டின் மயிரும் சுற்றியுள்ள மயிரும் ஒரே திசையிற் படுக்கவேண்டும். திசை மாறினால் நிறமே வேறாகத் தோன்றி, ஒட்டு ஊருக்கெல்லாம் தெரியும். துளையின் அடியில், அதைவிட அகலமான கெட்டித் துணியைச் செருகி, பசை தடவி, துண்டைப் பொருத்தி, கனமான புத்தகங்களை ஓரிரவு ஏற்றி வைக்கலாம். மறுநாள் காலை பழைய சீப்பினால் ஓரங்களை வாரிவிட்டால் போதும்.

மயிரற்ற, நெய்த விரிப்புகளுக்கு இம்முறை பொருந்தாது. தும்பு விரிப்பாயின் அதே நிறத்து நூல்கொண்டு ஊசியால், நெசவு போகும் வழியே, மேலும் கீழுமாகப் பின்னி நிரப்பலாம். தும்பறை நெசவுப் பொருள் வீட்டிலிருந்தால் அதில் கை வைக்குமுன் ஒரு கணம் நிற்பது நல்லது. கண்டிக்கு அண்மையிலுள்ள தும்பறைப் பகுதியில், சிங்களத்தில் "ஹண" எனப்படும் செடியின் நாரைச் சீவி, சாயமேற்றி, கைத்தறியில் நெய்யப்படும் பாய்களும் சுவர்த்தொங்கல்களும் அவை. அக்கைத்தொழிலை 2021 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலிற் சேர்த்தது. அவ்வாறான பொருள் கருகினால் பசையும் வேண்டாம், கத்தரியும் வேண்டாம். அதனை நெய்த கைகளிடமே கொண்டுபோய்க் கொடுப்பது அறிவுடைமை.

நண்பர் வீட்டுக் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறோம். பற்பசையை ஓடும் நீரிற் கழுவி, துணியிட்டுக் கட்டியபின் சிறுவன் அரைமணி நேரத்தில் உறங்கிப்போனான். மூன்றாம் வாரம் நாம் மறுபடி சென்றபோது, முழந்தாளில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் மூடியிருந்தது. கம்பளத்தில் அலுமாரிக்கடியிலிருந்து வந்த துண்டு பொருந்தியிருந்தது. தேடிப் பார்த்தால் மட்டுமே தெரியும். தாயார் சிறிது வெட்கத்தோடு நகைத்தார். "அன்றைக்கு நாங்கள் ஒரு நிமிடம் சும்மா நின்றிருந்தால் போதுமே" என்றார்.

அந்த ஒரு நிமிடமே இக்கட்டுரையின் சாரம். குளியலறைக் கதவின் உட்புறம், "முதலில் கைகழுவு, பிறகு ஓடும் நீர், பற்பசை வேண்டாம்" என்று ஒரு கடதாசியில் எழுதி ஒட்டிவைக்கும்படி மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அலறல் கேட்கும் வேளையில், அறிவு தடுமாறினாலும், கண் அதனைப் படித்துக்கொள்ளும்.